மாதிரி வகுப்பு, புதன்கிழமை

இருபத்துமூன்று வயதுக்காரர்கள்
இன்று பதினைந்தாக நடிக்கிறார்கள்.
பைன்டவுனில் மழை.
இரண்டு மணிக்கு என்று சொன்ன மின்வெட்டு
ஒன்றரைக்கே வந்துவிட்டது.
புரொஜெக்டர் கண்ணை மூடிக்கொள்ள,
நோக்வாஸி சாக்பீஸைத் துழாவி எடுத்து
பலகையில் எழுதினாள்: பாதுகாப்பு.

கடைசி பெஞ்சில்
சொல்லிக்கொடுத்தபடி குறும்பு செய்கிறான் பிரனோலன்.
சூயிங்கம். காகித அம்பு.
"மிஸ், நீங்க குடிச்சதே இல்லையா?"
சிரிப்பு. அதுவும் பாடத்திட்டத்தில் இருக்கிறது.
நான் ஓரத்தில், மதிப்பீட்டுத் தாளோடு.
குரல்: நான்கு. பார்வை: மூன்று.

பிறகு கேள்விப்பெட்டி.
செருப்பு டப்பா, மூடியில் ஒரு கீறல்.
பெயர் வேண்டாம், பிள்ளைகள் எதைக் கேட்பார்களோ
அதை எழுதிப் போடுங்கள் என்றிருந்தேன்.

முதல் சீட்டு: முத்தத்தில் எச்.ஐ.வி. வருமா?
சரியாகச் சொன்னாள்.
அடுத்தது: டாக்ஸி டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினால்
பாதி வழியில், இருட்டில்,
இறங்கிவிடுவது பாதுகாப்பா, இருப்பதா?
கொஞ்சம் திணறினாள். அவளும் அதே டாக்ஸியில்தான் வருகிறாள்.

மூன்றாவது:
அண்ணன் சுகர்ஸ் இழுக்கிறான்.
அம்மாவின் தாலி போய்விட்டது.
வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.
நான் டீச்சராகி யாருக்கு என்ன சொல்வது?

சுகர்ஸ் எல்லோருக்கும் தெரியும்,
இனிப்பே இல்லாத அந்தத் தூள்.
தாலியில்தான் நோக்வாஸியின் நாக்கு தடுக்கியது.
இரண்டு முறை வாசித்தாள்.
இந்த அறையில் அந்தச் சொல் தெரிந்தவர்கள் நான்கு பேர்.
என்னோடு ஐந்து.
நான்கு பேரும் பலகையையே பார்த்தார்கள்.
நான் தாளைவிட்டு நிமிரவில்லை.
வெளியே ஹடீடா ஒன்று
கதவு கீச்சிடுவதுபோல் கத்திவிட்டுப் போனது.

"எனக்குத் தெரியாது," என்றாள்.
"கேட்டுத் தெரிந்துகொண்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன்.
நாலு மணிவரை பஸ் நிறுத்தத்தில் இருப்பேன்.
சும்மா நிற்க வந்தாலும் சரி."
சீட்டை மடித்தாள்,
பெட்டியில் போடாமல் சட்டைப்பையில் வைத்தாள்.

பதில் தெரியாவிட்டால் ஒரு மதிப்பெண்:
போன வருடம் நானே எழுதிய விதி.
பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது.
மணி அடித்தது.
எல்லோரும் மறுபடி இருபத்துமூன்று வயதானார்கள்,
ஒருவர் மட்டும் சற்றுத் தாமதமாக.

நாலு மணிக்கு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
ஒரு குடை,
அதன் கீழே இரண்டு ஜோடி ஷூ.
குடை அசைவதற்குள்
ஜன்னலைவிட்டு வந்துவிட்டேன்.