நான்காம் இடம்

மை கரையும். அதனால் பென்சில்,
கயிற்றில் கட்டிக் கழுத்தில்.

வேல்ஸின் வடக்கே இரண்டு மழைகளுக்கு நடுவில்
கிடைத்த ஒரு பகல்.
ஓர் ஓடை, ஓர் அளவு நாடா,
மூன்று ஆரஞ்சுப் பழங்கள்.
ஆரஞ்சு பாதிக்குமேல் மூழ்கி மிதக்கும்,
காற்றின் பேச்சைக் கேட்காது,
தொலைந்தாலும் தண்ணீருக்கு நோகாது.

தெகித் மேலே நின்று விட்டான்.
பத்து மீட்டர் கீழே நான், தொடைவரை குளிர்.
கரையில் ஸ்டாப்வாட்சோடு மப்லி கத்தினாள்:
இருபத்தொன்று! பத்தொன்பது!
மூன்றாவது பழம் வரவேயில்லை.
"தடை" என்று எழுதினேன்.
அடித்துவிட்டு,
"ஆல்டர் மர வேர், இடது கரை,
பழம் அங்கேயே சுற்றுகிறது" என்று எழுதினேன்.

பிறகு கற்கள்.
கீழே போகப் போகக் கல் சிறுக்கும்,
முனை மழுங்கும் என்றது பாடம்.
முதல் இடத்தில் சராசரி பதினெட்டு சென்டிமீட்டர்,
அடுத்ததில் பதினொன்று,
மூன்றாவதில் ஏழு.
பாடம் எங்கள் முதுகில் தட்டிக்கொடுத்தது.

நான்காம் இடம்.
கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும்,
அழகான கல்லை அல்ல,
விரலில் முதலில் இடிப்பதை.
என் விரல் வெட்டுப்பட்டது.
தட்டையாக ஒன்று, இருபத்திரண்டு.
அடுத்ததும் தட்டை, அடுத்ததும் கத்தி.
இருபத்தைந்து கல்லையும் இரண்டு முறை அளந்தோம்.
பதினாறு.

"கிராஃப் கெட்டுப்போச்சு," என்றாள் மப்லி.
"அந்த ஒண்ணை மட்டும் அழிச்சிடு. ஆறு.
யாரு வந்து பார்க்கப்போறா?"
அழித்தேன்.
தாளில் ஆறு நின்றது.
எதிரே ஓடிக்கொண்டிருந்தது.

ஒதுங்கப் போன தெகித்
புதருக்குள்ளிருந்து கூப்பிட்டான்.
பெரணிச் செடிகளுக்கு அடியில் ஒரு சிற்றோடை,
வரைபடத்தில் நீலக் கோடு இல்லாதது.
அதன் தலைமாட்டில், மலைமேல் இன்னொரு மலையாய்
மூடிய சுரங்கத்தின் கழிவு:
கூரைக்கும் பள்ளிக்கூடத்துக்கும்
சிலேட்டு வெட்டியது போக மிச்சம்.
ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம்
சரிந்து வந்து எங்கள் நான்காம் இடத்தில்
படுத்துக்கொள்கிறது.
முனை மழுங்க நேரமில்லை அதற்கு.

அழித்த ஒன்றின் பள்ளம் தாளில் இருந்தது.
அதிலேயே மறுபடி கோடு இழுத்தேன்.
கீழே எழுதினேன்:
"பெயரில்லாத ஓடை. கணுக்கால் ஆழம்.
அகலம், மப்லியின் ஒரு தாண்டல்.
அவள் தாண்டினாள். ஒரு கால் நனைந்தது."
அந்தக் கடைசி வரி வேண்டாமாம் அவளுக்கு.
ரப்பரைத் தேடினாள்.
ரப்பர் என் பூட்ஸுக்குள்.

பேருந்து ஏறும்போது
பாலத்துக்குக் கீழே வந்தது மூன்றாவது பழம்,
வேரிடமிருந்து எப்படியோ விடுபட்டு.
ஸ்டாப்வாட்ச் பைக்குள் போயிருந்தது.
மப்லியின் உதடுகள் மட்டும்
எண்ணிக்கொண்டிருந்தன.