பெப்ரவரி முப்பது

ஒட்டுசுட்டான் மின்நிலையத்தின் தீக்காவல் பதிவேட்டில்
பெப்ரவரி முப்பதாம் திகதி
பின்னிரவு இரண்டு மணிக்கும்
ஒருவர் சுற்றி வந்திருக்கிறார்.
'எல்லாம் சரி' என்று எழுதிக்
கையொப்பமும் வைத்திருக்கிறார்.

அங்கிருந்துதான் பின்னோக்கிப் புரட்டினேன்.

முத்தையன்கட்டில் வான்கதவு திறந்த மார்கழி இரவு,
வீதியில் இடுப்பளவு தண்ணீர்,
நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு நாய்கூட வந்திராது.
பதிவேட்டில், எல்லாம் சரி.
யானை பின்மதிலைத் தள்ளிவிட்டுப் போன இரவு,
எல்லாம் சரி.
ஒரே பேனை, ஒரே நீலம்,
ஒரே இருப்பில் எழுதிய கையின் சாய்வு.
பக்கத்தின் கடைசியில் மட்டும் களைத்துப்போய்
'எல்லாம்' 'எலாம்' ஆகியிருந்தது.

மீறல் ஒன்று: பொய்ப் பதிவு.
மீறல் இரண்டு: எண்ணெய் அறையின் தீத்தடுப்புக் கதவு,
தானாக மூடவேண்டியது,
கருங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்து கிடந்தது.
மீறல் மூன்று: பதினொரு தீயணைப்பான்களில்
நான்கின் முள் சிவப்பில் படுத்திருந்தது.
ஒன்றின் வாயில் குளவிக்கூடு.

கல்லை எடுத்துப் பையில் போட்டேன்.
சான்றுப் பொருள் இலக்கம் ஏழு.

மேலாளர் குளிரூட்டிய அறையில் சோடா தந்தார்.
"இந்தப் பக்கத்து ஆட்கள்
நெருப்புக்குப் பயப்படமாட்டார்கள் மிஸ்"
என்றார், புகழ்வதுபோல.
ஒன்பது வயதில் நான் எதற்குள் படுத்துக் கிடந்தேன் என்று எழுத
படிவத்தில் நிரல் இல்லை.
சோடாவைக் குடித்து முடித்தேன்.

காவலாளி அருந்தவராசன் கதிரையில் இருக்க மறுத்துவிட்டார்.
"நாலு கட்டடம் மிஸ், ஒரு ஆள்.
அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா சுத்தச் சொல்லுகினம்.
சுத்தினா எழுத நேரமில்லை,
எழுதினா சுத்த நேரமில்லை."
கதவு?
"எண்ணெய் மணம் தலையிடிக்கும். காத்துக்குத்தான்."
பெப்ரவரி முப்பது?
அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அன்றிரவு கைபேசியில் நேரம் வைத்து நானே நடந்தேன்.
மின்மாற்றி முற்றம், கேபிள் குழி,
பம்பிக் கொட்டகை, எண்ணெய் அறை.
நாற்பத்தொரு நிமிடம்.
எதையும் குனிந்து பாராமல் நடந்தால் முப்பத்தெட்டு.

ஒட்டைச் சுட்ட புலத்தால் வந்த பேர் இது என்பார்கள்.
குரக்கன் தாளுக்கு நெருப்பு வைத்தவன்
எரியாத ஓர் இடம் கண்டு மண்வெட்டியால் கொத்த
இரத்தம் வந்ததாம், கடவுளாம்.
எனக்குச் சம்பளம்
எரியக்கூடிய இடங்களைக் காட்ட.
அவற்றுக்கு யாரும் கோயில் கட்டுவதில்லை.

மீறல் நான்கு என்று அறிக்கையில் சேர்த்தேன்:
ஒரு மனிதனால் இயலாத கட்டளை.
கொழும்பில் அதை வெட்டினார்கள்.
சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லையாம்.

தண்டம் பதினெட்டு இலட்சம்.
நிறுவனம் மூன்றாம் நாளே கட்டியது,
மேன்முறையீடு இல்லை, முறைப்பாடு இல்லை.
கோப்பில் தவறுதலாகச் சேர்ந்திருந்த ஒரு தாள்:
காற்றோட்டத்தோடு புதுக் கதவு அமைக்க விலைமனு,
இருபத்தாறு இலட்சம்.
அருந்தவராசனுக்கு ஒரு பந்தியில் கடிதம்.
அதன் பிரதி எனக்கும் வந்தது, தகவலுக்காக.

வைகாசியில் மறுபடி போனேன்.
தீயணைப்பான்கள் புதிது, முட்கள் எல்லாம் பச்சையில்.
குளவிக்கூடு இருந்த இடத்தில்
மண்ணின் வட்டத் தழும்பு.
பதிவேட்டில் வேறு கை. உருண்டையான, இளம் எழுத்து.
முதல் வாரம் 1.58, 2.43, 3.27.
இரண்டாம் வாரம் அடித்துத் திருத்திய சில நேரங்கள்.
மூன்றாம் வாரத்திலிருந்து
2.00, 2.30, 3.00.

எண்ணெய் அறைக் கதவடியில்
முன்னையதைவிடச் சின்னக் கல்.