செகண்ட்ஸ்

வருகைப் பதிவில் எல்லோருக்கும் எண்,
அவனுக்கு மட்டும் பெயர் சொல்வேன்.
ஒன்பது என்று கூப்பிட்டால்
பத்தாம் வகுப்பு பி பிரிவு
பெஞ்சைத் தட்டிச் சிரிக்கும்.
கபடி ஆடுகிற பையன். அவனும் சேர்ந்து சிரிப்பான்,
சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவன்.
ஜூனிலிருந்து இப்படியே ஓட்டினேன்,
சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு.

வளரிளம் பருவப் பயிற்சி என்று
மூன்று நாள் ஈரோட்டில் உட்காரவைத்து
ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள்.
"பார்த்துப் பண்ணுங்க டீச்சர்" என்றார்
தலைமையாசிரியர் குழந்தைவேலு.
"பெத்தவங்க எல்லாம் கம்பெனி விட்டு
ராத்திரி பத்து மணிக்கு வர்றவங்க.
அவங்க தூக்கத்தக் கெடுத்துராதீங்க."

வெள்ளிக்கிழமை, ஆறாவது பீரியட்.
பாலின அடையாளம், பாலீர்ப்பு
என்று பலகையில் எழுதினேன்.
முதலாவது, நான் யார் என்று எனக்குத் தெரிவது.
அடுத்தது, என் மனசு யார் பக்கம் சாய்கிறது என்பது.
இரண்டும் ஒன்றல்ல என்று அடிக்கோடு போடும்போது
சாக்பீஸ் ஒடிந்தது.
கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்:
"பச்சைப் பாக்கெட்டுங்களா, நீலமுங்களா மிஸ்?"
நானும் சிரித்துவிட்டேன்.
அதற்கப்புறம்தான் அறைக்குள் கொஞ்சம் காற்று வந்தது.

கேள்விப் பெட்டி வைத்தேன்,
பனியன் அட்டைப்பெட்டியில் பிளேடால் ஒரு வாய்.
பெயர் வேண்டாம் என்றேன்.
திங்கட்கிழமை பிரித்தால் முப்பத்தோரு சீட்டு.
முகப்பரு பற்றியே ஆறு.
கெட்ட வார்த்தை இரண்டு, ஒன்று எழுத்துப்பிழையோடு.
"பொண்ணுக்குப் பொண்ணப் பிடிச்சா
அது நாளாக நாளாகப் போயிருமா?"
"எங்க சித்தப்பா கல்யாணம் வேண்டாங்கறாரு.
அவர ஏன் மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறாங்க?"
அப்புறம், அளவு ஒட்டும் ஸ்டிக்கரின் முதுகில்,
எல் சைஸ், பென்சிலில்:
"மிஸ், நான் செகண்ட்ஸா?"

அன்று ராத்திரி விடைத்தாள் கட்டைப் பிரித்து
அந்த 'நா'வின் வளைவைத் தேடினேன்.
ஆமாம், தேடினேன்.
பதினாலாவது தாளில் கை நின்றது.
கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறேன்?

மறுநாள் சத்தமாகப் படித்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.
இந்தத் திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை,
கோடை லீவில் பாதிப் பேர் பிசிறு வெட்டியவர்கள்.
கையேட்டைப் பார்த்துச் சொன்னேன்:
நோயல்ல. குறையல்ல. இயல்பே.
நல்ல வாக்கியங்கள்தான்.
பின்சுவரில் பட்டுக் கீழே விழுந்தன.

தரணிதரன் எழுந்தான், பாக்கெட் நிறம் கேட்டவன்.
"எங்கம்மா செக்கிங்ல இருக்குதுங்க மிஸ்.
பீஸ்ல ஓட்டை இருக்காதுங்க, தையல் விட்டிருக்காது.
பையர் அனுப்புன சீட்டுல சொன்ன நீலத்துக்கு
இத்தனூண்டு ஷேடு மாறியிருக்கும்.
அவ்வளவுதானுங்க, ரிஜெக்ட்டு.
அதே பீஸக் காதர்பேட்டைல எடுத்து
எங்கப்பா மூணு வருசமாப் போடுதுங்க.
இன்னும் சாயம் போகல.
குத்தம் துணில இல்லீங்க மிஸ். சீட்டுலீங்க."

உட்கார்ந்துவிட்டான்.
நான் பலகையைத் துடைக்கத் திரும்பினேன்,
துடைக்க அதில் எதுவும் இல்லாதபோதும்.
எந்த முகத்தைப் பார்த்தாலும்
அந்த முகம் மாட்டிக்கொள்ளும்.

இது முழுப் பதில் இல்லை.
சீட்டு எழுதிய பிள்ளை வீட்டுக்குப் போனால்
அங்கேயும் ஒரு பையர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்.
அந்தச் சித்தப்பாவுக்கு என்ன சொல்வது என்றும்
எனக்கு இன்னும் தெரியவில்லை.

புதன்கிழமை பதிவேட்டைத் திறந்தேன்.
எட்டு. உள்ளேன் மிஸ்.
ஒன்பது என்றேன்,
நான்கு எழுத்தும் காதில் விழும்படி.
இரண்டு பேர் சிரித்தார்கள்.
எண்ணினேன், இரண்டே பேர்.
அவன் சிரிக்கவில்லை. "உள்ளேனுங்க" என்றான்.
பத்து.