முந்நூற்று எழுபது கஜம்

ஜூலையில் எழுதிய அட்டவணை இது,
துப்பாக்கிக் கட்டையில், மஞ்சள் ஒட்டுத்தாளில்.
அன்று கொல்லையில் சுட்டெரிக்கும் வெயில்.
மெரிட் ஹாவ்கன் வேகமானிக்குப் பக்கத்தில் குந்தி
கொசுவைத் திட்டிக்கொண்டிருந்தான்.
குழல் வாயில் வினாடிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு அடி,
நானூறு கஜத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம்.
இரண்டாயிரத்துக்குக் கீழே போனால்
செம்புத் தோட்டா வாய் திறக்காது என்று
பெட்டியின் விலாவில் பொடி எழுத்து.
நானூறின் கீழ் ஒரு கோடு இழுத்தேன். அவ்வளவுதான்.

ஈயம் இப்படியெல்லாம் கேட்காது.
மெதுவாய்ப் போனாலும் நசுங்கும், சிதறும்,
பட்ட வழியெல்லாம் தன்னை விட்டுவிட்டுப் போகும்.
அதைத்தான் நாங்கள் மலையில் போட்டுவந்த குடலிலிருந்து
பொன்கழுகு ஒன்று தின்றிருக்கிறது.
ஸ்வென்னிங்கின் வேலியோரம் மூன்று நாள் நின்றது,
தலையைத் தூக்க மாட்டாமல்,
குடித்தவன் கடைசிப் பேருந்துக்குக் காத்திருப்பது மாதிரி.
நான்காம் நாள் நான் செம்புக்கு மாறினேன்.

போன நவம்பரில் முந்நூற்றுத் தொண்ணூறில் சுட்டேன்.
கோட்டுக்கு உள்ளேதான்.
அந்தப் பெண் எல்க் நிமிர்ந்தது,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல.
பிறகு நடந்தது. ஓடவில்லை,
நடந்தது.
பனியில் இரண்டு சொட்டு. அப்புறம் ஒன்று.
அப்புறம் வெறும் பனி.
மூன்றாம் நாள் அண்டங்காக்கைகள் காட்டிக்கொடுத்தன.
உள்ளே போன துளை பென்சில் பருமன்,
வெளியே வந்ததும் அதே பென்சில்.
அது நின்ற இடத்துக்கு நேர் பின்னால் ஒரு ஃபிர் மரம்,
கத்தியால் தோண்டி எடுத்தேன் தோட்டாவை.
ஒரு கீறல் தவிர
பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியே, மூக்கு மூடி.
முகையாகவே போய் முகையாகவே நின்றிருக்கிறது.
மலர்ந்தது ஊரில் அலர் மட்டும்.
மதுக்கடையில் என் முதுகுக்குப் பின்னால்
செம்புக்காரி என்றார்கள்.

திருடியது குளிர்.
உறைபனியில் மருந்து சோம்பி எரியும், காற்று தடிக்கும்,
குழல் வாயிலேயே எழுபது அடி காணாமல் போகும்.
அட்டவணைக்கு அது தெரியாது,
அது இன்னும் ஜூலையில் இருக்கிறது.
ஒரு குளிர்காலம் முழுக்கக் கணக்குப் போட்டேன்
சமையலறை மேசையில், மின்கட்டண உறையின் பின்பக்கம்:
முந்நூற்று எழுபது.

இன்று காலை மூக்குமயிர் உறைகிற குளிர்.
பிக் ஹோல் பள்ளத்தாக்கின் மேல் ஏழு எல்க்குகள்,
கடைசியில் நிற்பது என் அனுமதிச் சீட்டுக்கானது.
தூரமானி முந்நூற்று எண்பத்தாறு என்கிறது.

பதினாறு கஜம்.
கார் நிறுத்தப் போதும், திருப்பப் போதாது.
அதை வயிற்றால் கடந்தேன்.
சேஜ் புதருக்குச் சேஜ் புதர்,
சட்டைக் கைக்குள் பனி புகுந்து நீராகி
முழங்கையில் மறுபடி உறைய,
நாற்பது நிமிடம்.
நடுவில் ஒருமுறை எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.
நான் கல்லாக இருந்தேன்.
தும்மல் வந்த கல்.

முந்நூற்று அறுபத்து நான்கு.
பக்கவாட்டில் திரும்பும்வரை இன்னும் கொஞ்சம்.
மூச்சைப் பாதி விட்டேன்.

நாலு அடி வைத்தது.
ஐந்தாவதைத் தரை வாங்கிக்கொண்டது.

தோட்டா கிடைக்கவில்லை.
விலாவின் அந்தப் பக்கம் காசு அகலத்துக்குத் திறந்துகொண்டு
பனிக்குள் எங்கோ போய்விட்டது,
நான்கு இதழும் விரிந்திருக்கும், இன்னும் சூடாக.
இருட்டில், நுரையீரலுக்குள்,
இமைப்பதற்கும் குறைந்த நேரத்தில் பூத்த பூ.
என்னிடம் இருப்பது ஜன்னல் கட்டையில் அந்த முகைதான்.

மணிக்கட்டுவரை வெதுவெதுப்பு.
ஈரலைப் பையில் போட்டுக்கொண்டு
குடலைப் பனியிலேயே விட்டேன்.
வானத்தில் இன்னும் எதுவும் வரவில்லை.
ஒட்டுத்தாளில் அந்த நானூறை நகத்தால் சுரண்டினேன்.
நாலு போனது.
சுழிகள் இரண்டும் போகவில்லை.