படிவத்தின் பின்பக்கம்

ஹோலியோக்கில் திங்கட்கிழமை. கால்வாய் உறைந்துவிட்டது.
தேவாலய நிலவறையில் ஹீட்டர் இருமிக்கொண்டிருக்க
நாற்பத்து மூன்று கேள்விகளைக் கையில் கையில் தருகிறேன்.
எத்தனை முறை குடித்தாய். யாரோடு படுத்தாய்.
வீட்டில் யாராவது சிறையில்?
பாஸ்டனில் அச்சடித்த தாள்.
எங்கள் தெருவில் என்னென்ன இல்லையென்று
வந்து பாராமலே தெரிந்துவைத்திருக்கிறது.

பன்னிரண்டாம் கேள்வியில் யாட்ரியெல் பேனாவை மூடினான்.
"நான் கெட்டுப்போக எத்தனை கட்டம்!
வேற எதுக்கும் ஒண்ணுகூட இல்லையே, மிஸ்?"

எனக்கு இருபத்து நான்கு வயது.
இதே மேசையில் இதே தாளை நானும் நிரப்பியிருக்கிறேன்,
வரிசையாக 'இல்லை' போட்டு,
பாதி மெய், பாதி பொய்.

"திருப்புங்க," என்றேன்.
"என்ன தெரியும் உங்களுக்கு? அதை எழுதுங்க."
ஐந்து நிமிடம் ஹீட்டர் மட்டும் பேசியது.

பிறகு கெய்ஷ்லா.
கடையில் பால் அடுக்குகிறவள்,
எதை எடுத்தாலும் முதலில் தேதியில்தான் கண் போகுமாம்.
நான் கொண்டுவந்த வாழைப்பழத்தை யாரோ தின்றுவிட்டதால்
அம்மா பொரிக்க வாங்கச் சொன்ன காயைப் பையிலிருந்து எடுத்தாள்.
ஆணுறைப் பொட்டலத்தை விளக்கில் பிடித்து,
"இது போன மார்ச்சிலேயே செத்துப்போச்சு."
என் பெட்டியிலிருந்த பன்னிரண்டும் குப்பைக்குப் போயின.
மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்,
என் காது சூடானதைப் பார்த்து இன்னும் கொஞ்சம்.

யாட்ரியெல் பேஸ்பாலில் பந்து வீசுகிறவன்.
பிடிப்பவன் விரலால் ஒன்று சொல்வான்.
வேண்டாமென்றால் தலையை இப்படி, துளி, அசைத்தால் போதும்;
வேறு விரல் வரும்.
ஆட்டம் நிற்காது, யாரும் கோபித்துக்கொண்டு போகமாட்டார்கள்.
சனிக்கிழமை காரில் பெரியம்மா மகன் மாத்திரையை நீட்டியபோது
அப்படித்தான் அசைத்தானாம்.
"வேற விரல் வந்துச்சா?"
"வந்துச்சு. கோழி வாங்கப் போனோம்."
கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமல்,
"அதுக்கு முந்தின சனிக்கிழமை அசைக்கலை."

அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஜோமார் எதுவும் எழுதவில்லை.
மூர்ச்சையானவர் மூக்கில் அடிக்கும் மருந்தைச்
சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான்.
"ரெண்டு பேர்," என்றான்.
"ஒருத்தர் எங்க மாமா."
மறுபடி பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

இலியானிஸ் சாண்ட்விச்சுக்காக மட்டும் வருகிறவள்.
அவள் தாளின் பின்பக்கத்தில் ஒரே வரி:
எல்லா பஸ் நேரமும் மனப்பாடம்.
மற்றவர்கள் போனபின் படிக்கட்டில் நின்றாள்.
"அந்த டெஸ்ட், வலிக்குமா?"
"சிறுநீர்தான். சில சமயம் விரலில் ஒரு குத்து."
"வீட்டுக்குக் கடிதம் வருமா?"
"முதல்ல அதைத்தான் கேட்போம். கேட்டுட்டு அப்புறம் கொடு."

யோசித்தாள். படியிலிருந்த உப்பைக் காலால் ஒதுக்கினாள்.
"ஆறு நாற்பதுக்கு ஒண்ணு இருக்கு. எட்டுக்குள்ள திரும்பிடலாம்.
நீயும் வா, நெரெய்டா."

எந்தப் பக்கத்தை பாஸ்டனுக்கு அனுப்புவது?
நாளை பார்த்துக்கொள்ளலாம்.
ஒற்றைக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அவள்தான் கண்டுபிடித்தாள், ஹீட்டருக்குப் பின்னால்,
சுடச்சுட.