முதல் சொல்

ரங்கூனில் அந்த மழைக்காலம் முழுக்க
எல்லோரும் சட்டம் பேசினார்கள்.
"அமெரிக்காக்காரன் எழுதினதைத் தமிழில் போடும்,
வாரம் ஒரு பத்தி" என்றார் மஸ்தான் ராவுத்தர்.
பத்திரிகை அவருடையது. ஒழுகும் கூரையும் அவருடையதே.
மூலம், எந்த சோல்ஜரோ விட்டுப்போன புத்தகம்,
முப்பத்தேழாம் தெரு நடைபாதையில் எட்டணா.

விடுதலைப் பிரகடனம் ஒரே இரவில் முடிந்தது.
கடலுக்கு அப்பால் இருக்கும் ராஜாவோடு சண்டை;
"நாங்கள்" என்று எழுதப் பேனா தயங்கவில்லை.
பிரிந்து போகிறவன் வேறென்ன சொல்வான்.

சாசனத்தில் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.
அவர்களுக்கு அது ஒன்றுதான்.
நமக்கு இரண்டு:
கேட்கிறவனை உள்ளே கூப்பிட்டுச் சொல்வது,
வாசலில் நிறுத்திச் சொல்வது.

அச்சுக் கோக்கும் ஞானாதிக்கத்துக்குப் பொறுமை இல்லை.
"நாம்னா மூணு அச்சு. நாங்கள்னா அஞ்சு.
குண்டு விழுந்த வருஷத்திலேர்ந்து 'ள்' பஞ்சம்.
சீக்கிரம் சொல்லும்."

சொல்லாமல் கீழே படித்தேன்.
எந்த ஊருக்கு எத்தனை பிரதிநிதி என்று ஆள் கணக்கு:
சுதந்திரமானவர்கள் முழுசாக,
"மற்ற ஆட்கள்" ஐந்தில் மூன்று.
யார் அந்த மற்ற ஆட்கள்?
அடிமை என்ற சொல்லைப் பக்கம் பக்கமாகத் தேடினேன்.
பின்னால் ஒட்டிய திருத்தத்தில்தான் இருந்தது,
ஒழிக்கும்போதுதான் பேரைச் சொல்கிறார்கள்.

ஞானாதிக்கம் எட்டிப் பார்த்தான்.
"எங்கப்பன் அரிசி மில்லுக்கு வந்தப்ப
மேஸ்திரி ஏட்டுல கடன்னு ஒரு எழுத்து கிடையாது.
முன்பணம்.
காய்ச்சல்ல படுத்தா அரைத்தலை."

மெஷின் ஓட்டும் கோ தெய்ன் மௌங் விஷயம் கேட்டு
வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்:
"தேடுவானேன்? எங்கள் பாஷையில்
'நான்' என்று பணிவாகச் சொன்னாலே
உள்ளே ஓர் அடிமை உட்கார்ந்திருக்கிறான்."
கடிதமெல்லாம் "அடியேன்" என்று முடிக்கும் நானும் சிரித்தேன்.

இரவு இரண்டு மணிக்கு "நாம்" என்றேன்.
தத்துவம் ஒன்றும் இல்லை.
அச்சு குறைவு, தூக்கம் வந்தது.

ஞாயிறு காலை டல்லா படகுத்துறை டீக்கடையில்
ஒருவர் உரக்கப் படித்தார்:
நாம், ஐக்கிய நாட்டு மக்கள்.
மூட்டை தூக்குகிற பதினோரு பேர்
யாரும் அழைக்காமலே அந்த மக்கள் ஆனார்கள்,
டீ ஆறும் வரைக்கும்.
"அப்ப இங்கே?" என்றது ஒரு குரல்.
படித்தவர் பக்கத்தைத் திருப்பினார்.
மறுபக்கம் அரிசி விலை.

அடுத்த வருஷம் பதிவு அலுவலகத்தில் வரிசை.
கையில் கப்பல் டிக்கெட், வாடகைச் சீட்டு,
வேறென்ன காகிதம் இருந்ததோ எல்லாம்.
மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர்
மரியாதையாகத்தான் பேசினார்.
தம் நாட்டைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்.
பர்மிய மொழியில்
நாமும் நாங்களும் ஒரே சொல்.
ஆனாலும் எனக்கு
அந்த "ள்" கேட்டது.