ஐம்பது ஒண்ணு குடுங்க

கண்ணாடி மேசைமேல் மூன்று லென்ஸ்களை வரிசையாக வைத்து
பதினெட்டு-ஐம்பத்தைந்து, ஐம்பது, எழுபது-முந்நூறு என்று
மார்சலின் சொன்னபோது
கட்டணப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது.
பதினோரு வருஷமாகக்
கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே
எண்களைக் கூவிப் பிழைக்கிறவன் நான்.
எண் என்றால் எனக்குத் தூரம்.
அவளுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

சீட்டுப் பணம் இருபத்திநாலாயிரம்
சட்டையின் உள்பையில்.
வார ஓய்வு. காக்கி இல்லாததால்
மிஷன் வீதியில் ஒருத்தரும் எனக்கு வழி விடவில்லை.

உடம்பு
(கேமராவுக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்)
பழையது.
யாரோ ஒரு கல்யாண போட்டோகிராபர் விற்றுவிட்டுப் போனது.
அறுபத்தோராயிரம் முறை சிமிட்டியிருக்கிறதாம்,
கணினியில் காட்டினாள்.
எங்கள் வண்டியில் கிலோமீட்டர் முள்
மூன்று வருஷமாக ஒரே எண்ணில் நிற்கிறது.
இது உண்மையாவது சொல்கிறதே.

நீளமானதை முதலில் எடுத்தேன்.
வந்ததே அதற்காகத்தான்.
எதிர் மாடியில் துணி காயப்போடுகிறவள்
பல்லில் கடித்திருந்த கிளிப்
பச்சை என்பது வரை தெரிந்தது.
அவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.
சட்டென்று இறக்கினேன்.
அவளுக்கு என்னைத் தெரிந்திருக்காது.
காது மட்டும் சுட்டது.

அடுத்தது எல்லாவற்றுக்கும் ஆகும் என்றாள்.
கைகாட்டினால் நிற்கிற டவுன் பஸ்.
வேண்டாம்.

ஐம்பது
ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் பெரிது.
முறுக்கினேன். மங்கியது, தெளிந்தது,
எதுவும் கிட்ட வரவில்லை.
"ஜூம் கிடையாதுங்க இதுல.
நீங்கதான் நகரணும்."

உள்ள போ, உள்ள போ, நடுவுல எவ்வளவு இடம் கெடக்கு
என்று நாள் பூராவும் நான் கத்துவதை
அவள் மெதுவாகச் சொன்னாள்.

டிக்கெட் கிழிக்கிற தூரத்தில் நின்று
அவளையே பார்த்தேன் அதற்குள்.
இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.
கடைக்குள் வந்து அரைமணி ஆகிறது,
அதுவரை என் கண்ணில் படவில்லை.

எனக்குக் கைகள்தான் பழக்கம்.
செதில் ஒட்டிய விரலில் ஈர நோட்டு நீட்டுகிற
தவளக்குப்பம் நிறுத்தத்துக்காரி,
இரண்டு ரூபாய் நாணயத்தை வியர்வையோடு
பொத்திப் பிடித்திருக்கும் ஐடிஐ பையன்.
கூட்டத்தில் கை வரும், சீட்டு போகும்.
முகம் கேட்டால் எனக்குத் தெரியாது.

இதனால்தான் ஐம்பதை எடுத்தேன் என்று சொல்லலாம்.
நீளமானது ஐயாயிரம் கூட என்பதையும்
மறைப்பானேன்.

உடம்பும் ஐம்பதும் இருபத்திநாலாயிரத்து எழுநூறு.
எழுநூறு துண்டு விழுந்தது.
பில்லைத் திருப்பிப் போட்டு
700 பாக்கி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்,
நான் டிக்கெட் முதுகில் எழுதுவதுபோலவே.
வாங்க மறந்து இறங்கிப் போனவர்களை நினைத்தேன்.
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது சன்னலோர இருக்கை.
நடத்துனர் எழிலரசன், எங்கள் டிப்போதான்.
கன்னியக்கோவில் தாண்டி முதல் படம்:
விரலிடுக்கில் மடித்த நோட்டுகள் துல்லியம்,
நகத்தில் மை கூடத் தெரிகிறது.
முகம் புகை.
"நல்லாத்தான் இருக்கு" என்றான்,
தன் கையைப் பார்த்துவிட்டு.

கழற்றி மாட்டிப் பழகுவோம் என்று
லென்ஸைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தது தப்பு.
ஆல்பேட்டைச் சாவடியில் ஏறிய காவலர்
பையைத் தடவினார். ஏதோ உருண்டது.
"எத்தனை வாங்கின?"
"ஐம்பது ஒண்ணு சார்."
பிரித்தவர் சிரிக்கவில்லை.
மூடியைக் கழற்றி, கையை நீட்டி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
உள்ளே சாவடி, தடுப்புக் கம்பம், லாரி வரிசை,
எல்லாம் பொடிப்பொடியாகத் தலைகீழாக.
சீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.
காவலர் இன்னொரு தரம்
கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.